ஐந்து போகம் பார்த்த கடை மென்பொருள்: களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மதிப்பீடு

களுவாஞ்சிக்குடியில் எங்கள் குடும்பம் நடத்தும் விவசாயப் பொருட் கடைக்கு 2022ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கணினி மென்பொருளை வாங்கினோம். விதைநெல், பசளை, பீடைகொல்லி, தெளிகருவி, அதன் உதிரிப்பாகங்கள் என்று நாங்கள் விற்கும் அனைத்தினதும் விற்பனை, இருப்பு, கடன் மூன்றையும் ஒரே இடத்தில் பதிவது அதன் வேலை. ஐந்து போகம் அதனோடு கழிந்துவிட்ட நிலையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிடவில்லை. ஏறக்குறைய இதே அடித்தளத்தில் அமைந்த மென்பொருட்களைப் பலர் பல பெயர்களில் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் விற்கிறார்கள். நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். விற்க வந்த இளைஞர் அப்பாவிடம் சொன்ன முதல் வாக்கியம், "ஐயா, இது இருந்தால் பக்கத்துக் கடைகளை முந்திவிடலாம்" என்பது. அந்த வாக்கு எவ்வளவு தூரம் பலித்தது என்பதையே இங்கு பார்க்கப்போகிறேன்.

அமைப்பு எளிமையானது. களஞ்சிய அறையில் உள்ள கணினியில் தரவு முழுவதும் இருக்கிறது. காசு மேசையில் உள்ள இன்னொரு கணினி அதனோடு வயரால் இணைந்திருக்கிறது. இணையம் இருந்தால் இரவில் தரவின் பிரதி ஒன்று வெளிச் சேமிப்பகத்துக்குப் போகும். இல்லாவிட்டால் போகாது, ஆனால் கடைவேலை நிற்காது. தொடக்கத்தில் ஒரு தொகை, பின்னர் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம். இரண்டும் எங்கள் அளவுள்ள கடைக்குத் தாங்கக்கூடியவை. விலைப்பட்டியலில் எழுதப்படாத செலவுதான் பெரியது: பொருட்களைப் பதியும் வேலை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த என் மருமகள் மூன்று கிழமை இரவுகளை அதற்குக் கொடுத்தாள். ஒரே களைநாசினி மூன்று அளவுப் போத்தல்களில் வரும். கணினிக்கு அவை மூன்று பொருட்கள். யூரியாவை மூடையாகவும் விற்கிறோம், வீட்டுத்தோட்டக்காரருக்குக் கிலோவாகவும் விற்கிறோம். ஒரு மூடையை உடைத்தால் ஐம்பது கிலோ வரும் என்பதை மென்பொருளுக்குக் கற்பிக்க ஒரு முழு நாள் சென்றது. உடைத்த மூடையிலிருந்து ஐம்பது கிலோவையும் ஒருபோதும் விற்க முடியாது, கொஞ்சம் சிந்தும், கொஞ்சம் ஈரக்காற்றில் கட்டிபடும் என்பதை இன்றுவரை அதற்குக் கற்பிக்க முடியவில்லை. மாத இறுதியில் நாங்களே நிறுத்துப் பார்த்துக் கையால் திருத்துகிறோம்.

பற்றுச்சீட்டு எழுதும் வேலை விரைந்துவிட்டது என்பதில் ஐயமில்லை. 1974 ஜூன் 26ஆம் திகதி அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ட்ரோய் நகரச் சுப்பர் மார்க்கெட் ஒன்றில், ஒரு சுவிங்கம் பொதியின் மேல் முதன்முதலாக வாசிக்கப்பட்ட பார்கோட் என்ற கறுப்புக் கோடுகள், ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து எங்கள் மேசைக்கும் வந்து சேர்ந்தன. இலங்கை நிறுவனங்களுக்கு வழங்கப்பட்ட இலக்கங்கள் 479 என்று தொடங்கும். அப்படித் தொடங்கும் போத்தலைக் கருவியின் முன் பிடித்தால் ஒரு சத்தம், விலை விழுந்துவிடும். ஆனால் விதைநெல் மூடைகளில் கோடும் இல்லை, இலக்கமும் இல்லை. நாங்களே அச்சிட்டு ஒட்டிய சீட்டுகள் தூசியிலும் கைமாறலிலும் இரண்டு கிழமைக்கு மேல் நிற்பதில்லை. ஆகவே கடையின் மிக விலையுயர்ந்த சரக்கை இன்றும் பெயரைத் தட்டச்சுச் செய்தே பில் போடுகிறோம்.

பொதுவசதிகளில் முழுப் புள்ளி கொடுக்கக்கூடியது காலாவதித் திகதி எச்சரிக்கை. பீடைகொல்லி விற்பனை 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்படுவது. காலம் முடிந்த போத்தல் தட்டில் இருந்தால் அது நட்டம் மட்டுமல்ல, குற்றமும் ஆகும். முன்னர் ஆண்டுக்கு ஒரு பெட்டியாவது பின்வரிசையில் ஒளிந்திருந்து அகப்படும். இப்போது மூன்று மாதத்துக்கு முன்னரே பட்டியல் வருகிறது. வழங்குநரிடம் திருப்பிக் கொடுக்கவோ மாற்றவோ அவகாசம் கிடைக்கிறது. ஐந்து போகத்தில் ஒரு போத்தலும் எங்கள் கையில் வீணாகவில்லை.

இதையெல்லாம் முந்துதல் என்று சொல்லலாமா என்பதுதான் கேள்வி. நாங்கள் வாங்கி ஆறு மாதம் ஆகுமுன்னரே பிரதான வீதியில் இன்னொரு கடை அதே மென்பொருளை வாங்கிவிட்டது. அவர்களுடைய பற்றுச்சீட்டின் அடியிலும் எங்களுடையதைப் போலவே, ஓர் எழுத்துப்பிழை உட்பட, அதே நன்றி வாசகம். எல்லோரும் வாங்கக்கூடிய தொழில்நுட்பம் மின்சாரத்தையும் புகையிரதப் பாதையையும் போன்றது, அது இல்லாதவர் தோற்பார், ஆனால் அது இருப்பதால் மட்டும் எவரும் வெல்லமாட்டார் என்ற கருத்தை 2003இல் நிக்கலஸ் கார் என்ற அமெரிக்கர் முன்வைத்தபோது கணினித் துறையில் பெரும் சர்ச்சை எழுந்தது. எங்கள் வீதியைப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதியாவது சரியென்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மற்றப் பாதியை விளங்கிக்கொள்ள, முந்தியவர்கள் உண்மையில் எதைக் கொண்டு முந்தினார்கள் என்று பார்க்க வேண்டும். அமெரிக்கன் எயார்லைன்ஸ் தனது ஆசனப் பதிவு முறைமையான சேபரை 1976இலிருந்து பயண முகவர்களின் மேசைகளிலேயே கொண்டுபோய் வைத்தது. முகவர் திரையைப் பார்க்கும்போது மேல்வரிசையில் தெரிவது யாருடைய விமானம் என்பதைத் தீர்மானிக்கும் பலம் அதன் கைக்கு வந்தது. 1984இல் அரசு தலையிட்டு, திரையில் பாரபட்சம் காட்டக்கூடாதென்று விதி செய்யும் அளவுக்கு அது வளர்ந்தது. மருத்துவப் பொருட்களை விற்ற அமெரிக்கன் ஹொஸ்பிற்றல் சப்ளை நிறுவனம் 1970களில் வைத்தியசாலைகளின் களஞ்சியங்களில் தன் கட்டளை முனையங்களை வைத்தது. களஞ்சியப் பொறுப்பாளர் அந்த இயந்திரத்துக்குப் பழகிய பிறகு வேறு விற்பனையாளரைத் தேடிப் போவது அவருக்கே சிரமமாயிற்று. வோல்மார்ட் தன் ஒவ்வொரு கடையிலும் என்ன விற்கிறது என்பதை வழங்குநர்களே பார்க்கும்படி செய்தது. இயந்திரம் எவருக்கும் கிடைக்கும். வாடிக்கையாளரின் களஞ்சியத்தில் என்ன தீர்ந்துபோகிறது என்ற செய்தி ஒருவருக்கே கிடைத்தது. எங்கள் வாடிக்கையாளரின் களஞ்சியம், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயல்வெளி. அதைப் பற்றி இந்த மென்பொருள் என்ன கேட்கிறது என்று பார்த்தால், ஒன்றும் கேட்பதில்லை.

பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் போரதீவு, பழுகாமம், மண்டூர், வெல்லாவெளி என்று விரியும் ஊர்களிலிருந்துதான் எங்கள் வாடிக்கையாளரில் பெரும்பகுதியினர் வருகிறார்கள். அவர்களுள் காசு கொடுத்து வாங்குவோர் குறைவு. விதைப்புக்கு எடுத்ததை வேளாண்மை வெட்டி, நெல் விற்றுத் தீர்ப்பது இங்கு தலைமுறைப் பழக்கம். மென்பொருளோ கடனை 30, 60, 90 நாள் என்று கூறுபோட்டுப் பார்க்கிறது. 90 நாள் தாண்டியவர் அதன் கண்ணில் தவறியவர். பெயர் சிவப்பில் வரும், தானாகவே நினைவூட்டற் குறுஞ்செய்தியும் போகும். இந்தத் தானியங்கி ஏற்பாடு ஏற்கெனவே இயங்கும் நிலையில்தான் மென்பொருள் எங்களிடம் தரப்பட்டது என்பதை முதற் போகத்தில் நாங்கள் கவனிக்கவில்லை.

ஒரு காலைப்பொழுது, அப்பாவோடு முப்பது வருடப் பழக்கமுள்ள பெரியவர் ஒருவர் மேசையின் முன் வந்து, மடித்துக் கட்டிய சாரத்தில் செருகியிருந்த கைத்தொலைபேசியை எடுத்து என் முன் வைத்தார். "மனே, வேளாண்மை இன்னும் குடலையில நிக்கிது. வெட்டி முடிய முன்னம் நான் எங்க ஓடப்போறன் எண்டு இத அனுப்பியிரிக்கா?" என்றார். கதிர் இன்னும் வெளிவராத பருவம்தான் குடலை. அவர் சத்தம் போடவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது. அன்று அந்தப் பெரியவரோடு அதே வட்டையில், அதாவது அதே வயல்தொகுதியில், செய்யும் இருபத்திரண்டு பேருக்கு அதே செய்தி போயிருந்தது. அப்பா பின்னேரம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் கடந்து போய், இரவுதான் திரும்பினார். எத்தனை வீட்டில் தேநீர் குடித்தார் என்று சொல்லவில்லை. இந்த ஒரு குறைக்காகவே நான் மென்பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட நினைத்தேன்.

திருப்பிக் கொடுக்காததற்குக் காரணம், வாடிக்கையாளர் விபரப் பக்கத்தின் அடியில் யாரும் பயன்படுத்தாத மூன்று வெற்றுக் கட்டங்களை மருமகள் கண்டுபிடித்ததுதான். எந்தத் தொழிலுக்கும் பயன்படட்டும் என்று பெயரிடாமல் விட்ட கட்டங்கள் அவை. முதலாவதற்கு வட்டை என்று பெயர் வைத்தாள், இரண்டாவதற்கு விதைத்த திகதி, மூன்றாவதற்கு நெல்லினம். பிறகு ஒவ்வொரு கடன் சிட்டையிலும் தீர்க்கவேண்டிய திகதியை நாங்களே குறிக்கத் தொடங்கினோம். பி.ஜி. 300 மூன்று மாத இனம், பி.ஜி. 352, ஏ.ரி. 362 ஆகியவை மூன்றரை மாதம். விதைத்த நாளோடு அந்தக் காலத்தைக் கூட்டி, காயவைத்து விற்றுக் காசு கைக்கு வர மூன்று கிழமை சேர்த்தால் நியாயமான தவணை வந்துவிடுகிறது. சிவப்புப் பெயர்கள் ஒரே நாளில் பத்தில் ஒன்றாகக் குறைந்தன. எஞ்சியவை உண்மையிலேயே கவனிக்கப்படவேண்டிய பெயர்கள்.

கடனுக்காகச் செய்த இந்த ஒட்டுவேலை வேறொரு பயனைத் தரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மென்பொருளில் மீள்கொள்வனவு ஆலோசனை என்று ஒரு பகுதி உண்டு. விற்பனையாளர் மிகவும் புகழ்ந்து காட்டியது அதைத்தான். கடந்த மூன்று மாதச் சராசரி விற்பனையைக் கணக்கிட்டு, எதை எவ்வளவு வாங்க வேண்டும் என்று அது சொல்லும். சவர்க்காரமும் சீனியும் விற்கும் கடைக்கு இது பொருந்தலாம். எங்களுக்கு அது ஜனவரியில் களைநாசினியைப் பெட்டி பெட்டியாக வாங்கச் சொல்கிறது, ஏனென்றால் நவம்பரிலும் டிசம்பரிலும் அது ஓடி விற்றிருக்கிறது. ஜனவரியில் யாருடைய வயலிலும் களைநாசினிக்கு வேலை இல்லை. அடுத்த பெரும்போகம் தொடங்கும் ஒக்டோபரிலோ ஒன்றும் தேவையில்லை என்கிறது. போன ஆண்டின் அதே மாதத்தைப் பார்க்கும்படி மாற்றலாம் என்றார்கள். அதுவும் முழுப் பதிலல்ல. இரசாயனப் பசளை இறக்குமதிக்கு 2021 மே மாதத்தில் தடை வந்து நவம்பரில் நீங்கியதைப் பார்த்த எவரும், போன ஆண்டின் கணக்கை வைத்து இந்த ஆண்டுக்குப் பசளை வாங்கத் துணியமாட்டார்.

ஆனால் வட்டைக் கட்டத்தையும் விதைத்த திகதியையும் வைத்து ஒரு பட்டியலை வரிசைப்படுத்திப் பார்த்தபோது எதிர்காலம் தாளில் தெரிந்தது. நீர்ப்பாசன வட்டைகளில் குளத்து நீர் எப்போது திறக்கப்படும், எந்தத் திகதிக்குள் விதைக்க வேண்டும் என்பவை பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்திலேயே தீர்மானமாகின்றன. மானாவாரி வட்டைகளில் மழையைப் பார்த்து விதைக்கிறார்கள். ஒரு வட்டையில் முதல் பத்துப் பேர் விதைநெல் எடுத்த திகதி தெரிந்தால், மிச்சம் ஐம்பது பேர் எந்தக் கிழமை வருவார்கள் என்பதும், அவர்கள் களைநாசினிக்கும் முதல் யூரியாவுக்கும் எந்தக் கிழமை மீண்டும் வருவார்கள் என்பதும் தெரியும். யூரியாவைப் பகுதி பகுதியாகத்தான் இடுகிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பயிரின் வயதுதான் நாட்காட்டி. மூன்றாவது போகத்திலிருந்து நாங்கள் லொறிக்குக் கட்டளை கொடுப்பது இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான். மற்றக் கடைகளில் "நாளைக்கு வரும்" என்று சொன்ன நாட்களில் எங்களிடம் சரக்கு இருந்தது; அவர்களிடம் காசு சரக்காக முடங்கியிருந்த மாதங்களில் எங்களிடம் அது வங்கியில் இருந்தது.

பிரதான வீதிக் கடையிடம் இதே மென்பொருள் இருக்கிறது, இதே மூன்று வெற்றுக் கட்டங்களும் இருக்கின்றன. அவை இன்னும் வெற்றாகவே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். விதைத்த திகதியைக் கேட்டுப் பதிய மேசையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். பில் போடும் வேகத்துக்காக மென்பொருள் வாங்கியவர் அந்த இரண்டு நிமிடத்தைக் கொடுக்கமாட்டார். இந்த இரகசியத்தை இப்படி எழுதிவிடுகிறாயே என்று அப்பா கேட்டார். ஆட்களைத் தெரியாமல் கட்டத்தை நிரப்ப முடியாது என்று சொன்னேன். ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட ஆறு பேர் எங்கள் பதிவில் இருக்கிறார்கள். மென்பொருள் அடையாள அட்டை இலக்கத்தைக் கேட்கிறது. வயலுக்குப் போகும் வழியில் வருபவரிடம் அது இருக்காது. ஊரோடும் வட்டையோடும் பட்டப்பெயரோடும் சேர்த்தால்தான் ஆள் பிரிகிறார். பட்டப்பெயர் பற்றுச்சீட்டில் அச்சாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு முறை அச்சாகி, சீட்டைத் தந்த கையோடு நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கடன் எல்லை என்ற வசதியும் ஒரு சங்கடத்தைத் தந்தது. ஒருவருக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகையைப் போட்டுவிட்டால் அதற்கு மேல் பில் போட மறுத்துவிடும். கொள்கையளவில் நல்லதுதான். ஒரு நாள் பெரிய காணிக்காரரான போடியார் ஒருவர், ஆட்கள் சூழ நின்று, நாற்பது மூடை ஏற்றச் சொல்லிவிட்டு வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று எழுந்து, எச்சரிக்கை மணியும் அடித்தது. கடையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கணினியைப் பார்க்காமலே பழைய கொப்பியை இழுத்து எழுதி மூடையை ஏற்றிவிட்டார். அந்தக் கணக்கை அறுவடைக்கு முன்னரே போடியார் தீர்த்துவிட்டார் என்பது வேறு. மணியின் சத்தத்தை நிறுத்த வழி உண்டா என்று உதவி இலக்கத்துக்கு அழைத்துக் கேட்டபோது, அது பாதுகாப்புக்கான ஏற்பாடு, நிறுத்த முடியாது என்றார்கள். ஒலிபெருக்கி வயரைக் கழற்றிவிட்டோம். மறுபக்கத்தில், அப்பாவின் இரக்கத்தால் மூன்று போகமாக நிலுவை வளர்ந்துகொண்டிருந்த சிலருடைய கணக்கை இந்த எல்லைதான் வெளியே கொண்டுவந்தது; அதை மறைப்பது நேர்மையாகாது.

பற்றுச்சீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்குபவர் எவரும் இதை முன்கூட்டியே யோசிப்பதில்லை. மென்பொருளோடு சேர்த்து விற்கப்படும் சிறிய பிரின்டர் மை இல்லாமல், சூட்டால் அச்சிடுகிறது. சூட்டால் வந்த எழுத்து சூட்டாலேயே போகும். எங்கள் வாடிக்கையாளர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நிற்பவர், வியர்வையும் படும். நவம்பரில் கொடுத்த சீட்டு மார்ச்சில் கணக்குத் தீர்க்க வரும்போது வெறும் வெள்ளைத் தாளாக வந்தது. எழுத்தே இல்லாத சீட்டை நீட்டி "இதில எவ்வளவு போட்டிரிக்கு?" என்று கேட்பவரிடம், எங்கள் திரையில் உள்ள தொகையை நம்பச் சொல்வது அவரை அவமதிப்பது போன்றது. பழைய கார்பன் கொப்பி இந்த விடயத்தில் எவ்வளவோ மேல். இப்போது காசுக்கு வாங்குபவருக்கு மட்டும் சூட்டுச் சீட்டு; கடனுக்கு எடுப்பவருக்கு, நாடாவில் அடிக்கும் பழைய வகைப் பிரின்டரில் இரட்டைப் பிரதி. அதை வேறாகத்தான் வாங்க வேண்டியிருந்தது.

தமிழைப் பற்றிய குறையும் இங்கேதான் வருகிறது. திரையில் தமிழ் தெரிகிறது. ஆனால் உள்ளே சில பகுதிகள் இன்றைய பொது முறையான ஒருங்குறியிலும் (யுனிகோட்) சில பகுதிகள் பழைய பாமினி எழுத்துருவிலும் அமைந்திருக்கின்றன. பொருட்பெயரைத் தமிழில் பதிந்தால் பில்லில் கட்டம் கட்டமாக விழுகிறது. ஆகவே பொருட்பெயர்கள் ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்பலாம், ஆனால் விலை கூடும். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து; தமிழில் 70 மட்டுமே, நீண்டு அடுத்த செய்திக்குப் போனால் ஒவ்வொன்றுக்கும் 67. அதிலும் வணக்கம் என்ற ஐந்தெழுத்துச் சொல்லைக் கணினி புள்ளிகளையும் சேர்த்து ஏழாக எண்ணுகிறது. ஐயா என்று விளித்து, நிலுவையைச் சொல்லி, மரியாதையாக முடித்தால் மூன்று செய்திக் காசு போய்விடும். மரியாதையைக் குறைப்பதா காசைக் குறைப்பதா என்று யோசித்து, குறுஞ்செய்தியையே நிறுத்திவிட்டோம். அப்பா தொலைபேசியில் பேசுகிறார்.

அதற்கு ஈடாக ஒரு சிறு பொத்தான் நினைத்ததைவிட நன்றாக வேலை செய்கிறது: பில்லை வட்ஸ்அப்பில் அனுப்புவது. தந்தை எடுத்த பசளைக்குக் கட்டாரில் இருக்கும் மகன் காசு அனுப்பும் வீடுகள் இப்பக்கத்தில் பல. சிட்டை நேரே மகனுக்குப் போகிறது. அவர் வங்கிக்கணக்குக்கு அனுப்பிவிட்டு அதன் படத்தைத் திருப்பி அனுப்புகிறார். இதனால் சில கணக்குகள் வெட்டுக்கு முன்னரே தீர்ந்துவிடுகின்றன. விற்பனையாளரின் விளம்பரத் தாளில் இந்தப் பொத்தான் இடம்பெறவே இல்லை.

2024 நவம்பர் இறுதியில் வெள்ளம் வந்தபோது மின்சாரமும் இணையமும் போயின. கணினியை உயரமான தட்டில் ஏற்றிவிட்டு மூன்று நாள் கொப்பியில் எழுதினோம். மின்சாரம் வந்த பிறகு அந்தச் சிட்டைகளை உரிய திகதியிட்டுப் பதிய மென்பொருள் இடம் தந்தது. இந்த நெகிழ்வு எல்லா மென்பொருட்களிலும் இருக்காது, வாங்குமுன் கேட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் வெளிச் சேமிப்பகத்துக்குப் பிரதி போகும் ஏற்பாடு வெள்ளத்துக்குப் பதினொரு நாள் முன்னரே நின்றுபோயிருந்ததும், அதைப் பற்றி எந்த அறிவித்தலும் வரவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது. தண்ணீர் அந்தத் தட்டு வரை ஏறியிருந்தால் பதினொரு நாள் கடன் போயிருக்கும். 1978 நவம்பர் சூறாவளியில் தாத்தாவின் கொப்பிகள் கூழாகிப் போனபோது, கடன்காரர்கள் தாங்களே வந்து தொகையைச் சொன்னார்கள் என்று அப்பா இந்த இடத்தில் நினைவூட்டினார். அது நடந்ததுதான், ஆனாலும் இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து வீட்டு அலுமாரியில் வைக்கிறோம். உதவிச் சேவையில் தமிழ் பேசுபவர் கிழமையில் இரண்டு நாள்தான் இருக்கிறார். விதைப்புக் காலத்துச் சனிக்கிழமைக் காலையில் பிரச்சினை வந்தால் திங்கள் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு குறை பாரதூரமானது. யார் எந்தக் கணக்கில் உள்ளே போனாலும், வாடிக்கையாளர் பட்டியல் முழுவதையும், தொலைபேசி இலக்கமும் நிலுவையும் உட்பட, ஒரே சொடுக்கில் கோப்பாக வெளியே எடுக்கலாம் என்ற நிலையில்தான் மென்பொருள் வந்தது. அனுமதியை மட்டுப்படுத்தும் வசதி உள்ளே இருக்கிறது. ஆனால் யாரும் சொல்லித் தரவில்லை, நாங்கள் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. பிறருடைய விபரங்களை வைத்திருப்போருக்குக் கடமைகளை விதிக்கும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேற்றப்பட்டுவிட்டது. சட்டத்தை விடுவோம், யார் யாருக்கு எவ்வளவு கடன் என்பது இந்த ஊரில் ஒரு குடும்பத்தின் மானம்.

காசுக்கு மட்டும் விற்கும் சிறு கடைக்கு இந்த மென்பொருளைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கணிப்பானும் கொப்பியும் போதும். போகக் கடன் கொடுக்கும் கடைக்குப் பரிந்துரைப்பேன், மூன்று நிபந்தனைகளோடு: நினைவூட்டற் செய்தியை முதல் நாளே நிறுத்த வேண்டும், பிரின்டரை வேறாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், விலகும் நாள் வந்தால் தரவு முழுவதையும் திறக்கக்கூடிய கோப்பாகத் தருவோம் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். கடைசி நிபந்தனையை நாங்கள் பிந்திக் கேட்டோம். "பார்க்கலாம்" என்ற பதில்தான் இதுவரை கிடைத்தது. வரும் பராமரிப்புக் கட்டணத்தை அந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகே கட்டுவதாக இருக்கிறோம்.

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் வட்டைப் பட்டியலை அச்சிட்டு அப்பாவிடம் கொடுக்கிறோம். அவர் அதைத் தொடையில் வைத்துக்கொண்டு, பெயர்களின் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறார்: ஒன்றில் "யானை இறங்கினது", இன்னொன்றில் "மகள் கலியாணம், தை", வேறொன்றில் "தண்ணி வரல்ல, பிந்தி விதைப்பு". மருமகள் சனிக்கிழமை அவற்றை மென்பொருளின் குறிப்புக் கட்டத்தில் ஏற்றுகிறாள். அந்தக் கட்டம் நாற்பது எழுத்துக்கு மேல் ஏற்பதில்லை.